படிக்காமல் விடும் துண்டுகள்: ஸ்னோஃபிளேக் தரவுக்கிடங்கின் அமைப்பும் கோளாறுகளும்

ஸ்னோஃபிளேக் என்ற கிளவுட் தரவுக்கிடங்கில் தரவு இருக்கும் இடம் வேறு, கணக்குப் போடும் இயந்திரங்கள் இருக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வலைப்பின்னல் மட்டுமே. அதன் வேகமும் செலவும் அதில் வரும் பெரும்பாலான கோளாறுகளும் இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைக்கின்றன. ஒரு குவெரி ஏன் 40 நிமிடம் ஓடுகிறது, நேற்று 5 விநாடியில் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை, மாதக் கட்டணம் ஏன் இரட்டிப்பானது என்ற கேள்விகளுக்கு இந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் விடை தேடினால், இயந்திரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது. பல சமயங்களில் அது பணத்தை மட்டுமே கரைக்கும்.

முந்தைய தலைமுறைத் தரவுக்கிடங்குகள் வேறு விதமாகக் கட்டப்பட்டவை. 1979-இல் தொடங்கிய டெராடேட்டா நிறுவனம் பரப்பிய முறையில், பெரிய அட்டவணையைப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு சர்வரின் சொந்த வட்டில் வைப்பார்கள். அந்தப் பங்குக்கான கணக்கை அந்தச் சர்வரே போடும். தரவு பக்கத்திலேயே இருப்பதால் வேகம் கிடைக்கும். ஆனால் வட்டில் இடம் போதாவிட்டால் கணிப்புத் திறனையும் சேர்த்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் கூடுதல் திறன் தேவைப்பட்டாலும் ஆண்டு முழுவதற்குமான இயந்திரங்களை வைத்திருக்க வேண்டும். புதிய சர்வர் ஒன்றைச் சேர்த்தால் அட்டவணைகளை மறுபடி பங்கிட வேண்டும். அது மணிக்கணக்கில் நடக்கும், நடக்கும் நேரத்தில் மற்ற வேலைகளும் தடுமாறும்.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 சேமிப்புச் சேவையைத் திறந்தபோது, வட்டு வாங்காமலேயே வரம்பின்றித் தரவை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. அதே ஆண்டு வந்த ஈ.சி.2 சேவை, சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தந்தது. 2010-இல் வெளியான கூகுளின் டிரெமல் ஆய்வுக் கட்டுரை, கோடிக்கணக்கான பதிவுகளை ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் சில விநாடிகளில் அலசிவிட முடியும் என்று காட்டியது. பிக்குவெரி சேவைக்கு அடித்தளம் அதுதான். 2012-இல் கலிஃபோர்னியாவில் பெனுவா டாஜ்வில், தியெரி க்ருவான், மார்சின் ஜுகோவ்ஸ்கி மூவரும் ஸ்னோஃபிளேக்கைத் தொடங்கினார்கள். முதல் இருவரும் ஆரக்கிளில் பணியாற்றியவர்கள். ஜுகோவ்ஸ்கி ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையத்தில், நெடுவரிசைகளைத் தொகுதி தொகுதியாகச் செயலிக்குள் செலுத்திக் கணக்கிடும் முறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்கள் அமைப்பின் முழு விவரம் 2016-இல் சிக்மாட் மாநாட்டுக் கட்டுரையாக வெளிவந்தது. தரவுத்தளத் துறையில் நுழையும் எவரும் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை அது.

மூன்று அடுக்குகள்

அடியில் இருப்பது சேமிப்பு அடுக்கு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்றில் எந்தக் கிளவுடில் கணக்குத் தொடங்கப்பட்டதோ அந்தக் கிளவுடின் பொருள்-சேமிப்பில்தான் அட்டவணைகள் கோப்புகளாகக் கிடக்கின்றன. நடுவில் விர்ச்சுவல் வேர்ஹவுஸ் எனப்படும் கணிப்பு அடுக்கு. ஒரு வேர்ஹவுஸ் என்பது சில சர்வர்களின் கூட்டம். குவெரி வந்தால் எழும், சும்மா இருந்தால் உறங்கும். கணக்குத் துறைக்கு ஒன்று, விற்பனைத் துறைக்கு ஒன்று, இரவில் தரவு ஏற்றுவதற்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே தரவைப் படிக்கும், ஒன்றின் சுமை இன்னொன்றைப் பாதிக்காது. மேலே இருப்பது சேவை அடுக்கு. உள்நுழைவைச் சரிபார்ப்பது, எஸ்.க்யூ.எல். கட்டளையை நிறைவேற்றும் திட்டமாக மாற்றுவது, எந்த அட்டவணை எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவைக் காப்பது எல்லாம் இங்கே நடக்கின்றன. இந்த மெட்டாடேட்டா இருப்பது ஃபவுண்டேஷன்டிபி என்ற சாவி-மதிப்புத் தரவுத்தளத்தில்.

மூன்றில் கணிப்பு அடுக்கைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் கட்டணம் அங்கேதான் ஓடுகிறது. ஆனால் ஒரு குவெரியின் விதி பெரும்பாலும் அது வேர்ஹவுஸைத் தொடும் முன்பே, மெட்டாடேட்டாவில் தீர்மானமாகிவிடுகிறது. காரணம், கோப்புகள் எழுதப்படும் விதம்.

எஸ்3 போன்ற சேமிப்பில் ஒரு கோப்பின் நடுவே ஓர் எழுத்தை மாற்ற முடியாது. முழுக் கோப்பையும் புதிதாக எழுதலாம், அல்லது பழையதை அப்படியே விட்டுவிடலாம். பதிவுகளை இடையறாது திருத்தும் ஒரு தரவுத்தளத்துக்கு இது பெரிய இடைஞ்சல். ஸ்னோஃபிளேக்கின் வடிவமைப்பாளர்கள் அந்த இடைஞ்சலையே அடித்தளமாக்கினார்கள். ஒவ்வொரு அட்டவணையும் மைக்ரோ-பார்ட்டிஷன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. சுருக்கும் முன் 50 முதல் 500 மெகாபைட் வரை தரவு ஒரு துண்டில் இருக்கும். எழுதிய துண்டு பிறகு மாறவே மாறாது. ஒரு பதிவைத் திருத்தினால் அது இருக்கும் துண்டு முழுவதும் புதிதாக எழுதப்படும். இப்போது செல்லுபடியாகும் துண்டுகளின் பட்டியலில் பழையதன் இடத்தில் புதியது ஏறும். அட்டவணை என்பது உண்மையில் இந்தப் பட்டியல்தான்.

இதிலிருந்து எதிர்பாராத நன்மைகள் வரிசையாக வந்தன. பழைய துண்டுகளை உடனே அழிக்காமல் வைத்திருந்தால், நேற்றைய பட்டியலைக் கொண்டு நேற்றைய அட்டவணையைப் பார்க்கலாம். டைம் டிராவல் என்ற வசதி இவ்வளவுதான். இயல்பாக 1 நாளும், உயர்நிலைப் பதிப்பில் 90 நாள் வரையும் பின்னோக்கிப் போகலாம். தவறுதலாக அழித்த அட்டவணையை ஒரு கட்டளையில் மீட்கலாம். பல டெராபைட் அட்டவணைக்குச் சோதனைப் பிரதி எடுப்பதும் பட்டியலை நகலெடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது, ஆகவே நொடிகளில் முடிகிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் படித்தாலும் குழப்பமில்லை, படிப்பவர் கையில் பழைய பட்டியல் இருக்கிறது.

விலையும் உண்டு. நாள்தோறும் பலமுறை திருத்தப்படும் பெரிய அட்டவணையில் 90 நாள் பழைய துண்டுகளும், அதற்குப் பிந்தைய 7 நாள் பாதுகாப்புக் காலத் துண்டுகளும் குவிந்து, கண்ணுக்குத் தெரியும் அட்டவணையைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். சேமிப்புக் கட்டணம் திடீரென ஏறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. தற்காலிக வேலைக்கான அட்டவணைகளை, பாதுகாப்புக் காலம் இல்லாத டிரான்சியன்ட் வகையில் உருவாக்குவது எளிய தீர்வு.

படிக்காமல் விடுவது

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தரவு நெடுவரிசை வாரியாக அடுக்கப்பட்டுச் சுருக்கப்பட்டிருக்கிறது. 80 நெடுவரிசைகளில் 3 மட்டும் கேட்டால் 3 மட்டுமே படிக்கப்படும். எல்லா நெடுவரிசைகளையும் கொடு என்று நட்சத்திரக் குறியிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே நேரடியாகச் செலவைக் கூட்டுகிறது.

அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் உள்ள மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் மெட்டாடேட்டாவில் பதிவாகியிருப்பது. அகராதிப் பக்கத்தின் தலையில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அச்சிட்டிருந்தால் தேடும் சொல் அந்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டா என்று திறக்காமலே தெரியும். அதே வேலையைத்தான் இந்த இரு மதிப்புகளும் செய்கின்றன. தேவையற்ற துண்டுகளைத் தொடாமலே ஒதுக்கும் இந்தச் செயலுக்கு ப்ரூனிங் என்று பெயர். ஓர் அட்டவணையில் மொத்தம் எத்தனை பதிவுகள், ஒரு தேதி நெடுவரிசையில் மிகப் பிந்தியது எது போன்ற கேள்விகளுக்கு மெட்டாடேட்டாவிலிருந்தே விடை வந்துவிடும். வேர்ஹவுஸ் எழவே வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டு விற்பனை 12,000 துண்டுகளில் இருப்பதாகக் கொள்வோம். அன்றாட விற்பனை அன்றன்று ஏற்றப்பட்டதால் ஒரு நாளுக்குரிய பதிவுகள் சுமார் 11 துண்டுகளுக்குள் அடங்கிவிடும். குறிப்பிட்ட ஒரு நாளின் விற்பனையைக் கேட்டால் மீதமுள்ள 11,989 துண்டுகளும் ஒதுங்கிவிடும். அதே அட்டவணையில் ஒரு வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்துத் தேடினால் நிலைமை தலைகீழ். அந்த வாடிக்கையாளர் மூன்றாண்டும் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு துண்டிலும் வாடிக்கையாளர் எண்கள் சிறியதிலிருந்து பெரியது வரை பரவிக் கிடக்கின்றன. ஆகவே 12,000 துண்டுகளையும் திறந்து பார்க்க வேண்டும். இரு குவெரிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வேகம் நூறு மடங்கு வேறுபடும். கிளஸ்டரிங் கீ என்ற அமைப்பால் வாடிக்கையாளர் எண் வரிசையில் துண்டுகளை மறுபடி அடுக்கச் செய்யலாம். ஆனால் அந்த மறு அடுக்கலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சிறிய அட்டவணைகளுக்கும் ஓயாது திருத்தப்படும் அட்டவணைகளுக்கும் அது கட்டுப்படியாகாது.

குவெரி எழுதும் விதமும் ப்ரூனிங்கைக் கெடுக்கும். விற்பனைத் தேதியை 'மாதம்-ஆண்டு' என்ற எழுத்துச் சரமாக மாற்றி '03-2024' உடன் ஒப்பிட்டால், மெட்டாடேட்டாவில் உள்ள தேதி எல்லைகள் பயனற்றுப் போகின்றன. தேதி மார்ச் 1-இலிருந்து ஏப்ரல் 1-க்கு முன்பு வரை என்று எழுதினால் விடை அதேதான், ஆனால் படிக்கும் அளவு ஒரு மாதத்துக்குரியதாகச் சுருங்கும். நெடுவரிசையை அதன் இயல்பில் விட்டுவிட்டு, ஒப்பிடும் மதிப்பை மாற்றி எழுதுவது நல்ல பழக்கம்.

மெதுவான குவெரி: நேரம் எங்கே போகிறது

ஒவ்வொரு குவெரிக்கும் குவெரி புரொஃபைல் என்ற வரைபடம் உருவாகிறது. நிறைவேற்றும் திட்டத்தின் ஒவ்வொரு படியும், அது எடுத்துக்கொண்ட நேர விழுக்காடும், கடந்து போன பதிவுகளின் எண்ணிக்கையும் அதில் தெரியும். கோளாறு தேடும் வேலை இங்கே தொடங்க வேண்டும். மொத்த நேரம் மட்டும் எதையும் சொல்லாது. அது எந்தெந்தக் கட்டங்களாகப் பிரிகிறது என்பதே செய்தி.

குவெரி ஓடவே இல்லாமல் வரிசையில் காத்திருந்திருக்கலாம். ஒரு வேர்ஹவுஸ் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் பெரிய குவெரிகளுக்கு வரம்பு உண்டு; அந்த வரம்பின் இயல்பு மதிப்பு 8. திங்கள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் டாஷ்போர்டைத் திறந்தால் வரிசை நீளும். இதற்கு மருந்து, அதே அளவுள்ள கூட்டங்களைத் தேவைக்கேற்பப் பெருக்கும் மல்டி-கிளஸ்டர் முறை, அல்லது வேலைகளைத் தனித்தனி வேர்ஹவுஸுக்குப் பிரிப்பது. வேர்ஹவுஸின் அளவைக் கூட்டுவது இங்கே சுற்றுவழி.

காத்திருப்பு இல்லையென்றால் படித்த துண்டுகளையும் மொத்தத் துண்டுகளையும் ஒப்பிட வேண்டும். குறுகிய நிபந்தனை இருந்தும் இரண்டு எண்களும் நெருக்கமாக இருந்தால் ப்ரூனிங் தோற்றிருக்கிறது. காரணம் அடுக்கு வரிசை, அல்லது மேலே சொன்ன மாதிரி எழுதப்பட்ட நிபந்தனை.

அடுத்தது ஸ்பில்லிங். இரண்டு பெரிய அட்டவணைகளை இணைக்கும்போதோ பெரிய பட்டியலை வரிசைப்படுத்தும்போதோ இடைக்கால விடைகள் நினைவகத்தில் கொள்ளாவிட்டால், முதலில் சர்வரின் சொந்த எஸ்.எஸ்.டி. வட்டுக்கு வழியும். அதுவும் நிறைந்தால் வலைப்பின்னல் வழியாகத் தொலைச் சேமிப்புக்குப் போகும். தொலைச் சேமிப்புக்கு வழிந்த பைட்டுகள் புரொஃபைலில் தெரிந்தால் அந்தக் குவெரி தவழ்ந்துதான் முடியும். பெரிய வேர்ஹவுஸ் உண்மையிலேயே உதவும் இடம் இது. அளவு ஒரு படி ஏறினால் கட்டணம் இரட்டிக்கும், நினைவகமும் அதற்கேற்பக் கூடும். ஸ்பில்லிங் நின்று நேரம் பாதிக்கும் கீழே இறங்கினால் மொத்தச் செலவு குறைந்தே போகலாம்.

மிக அதிகமாகக் காலத்தையும் பணத்தையும் விழுங்குவது வெடிக்கும் இணைப்பு. இணைப்புப் படிக்குள் பத்து லட்சம் பதிவுகள் நுழைந்து நூறு கோடி வெளியே வந்தால், இணைக்கும் சாவி ஒரு பக்கத்தில் தனித்தன்மை உடையது என்ற நம்பிக்கை பொய்த்திருக்கிறது. ஸ்னோஃபிளேக்கின் வழக்கமான அட்டவணைகளில் முதன்மைச் சாவி, தனித்தன்மைக் கட்டுப்பாடு ஆகியவற்றை அறிவிக்கலாம். ஆனால் அவை அமல்படுத்தப்படுவதில்லை. வெற்று மதிப்பு கூடாது என்ற கட்டுப்பாடு மட்டுமே உறுதியாகச் செயல்படும். ஆரக்கிளிலிருந்தும் போஸ்ட்கிரஸிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சி தருவது, அதிலும் மோசமானது மௌனமாக நடப்பது. வாடிக்கையாளர் அட்டவணை இருமுறை ஏற்றப்பட்டால் பிழைச் செய்தி வராது. விற்பனைத் தொகை இரட்டிப்பாகக் காட்டும். மெதுவான குவெரியாவது கண்ணில் படும், தவறான தொகை அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே சாவிகளின் தனித்தன்மையைச் சோதிக்கும் குவெரிகளைத் தரவு ஏற்றும் வேலையின் ஒரு பகுதியாகவே வைப்பது கட்டாயம்.

இணைப்பு நிபந்தனையே விட்டுப்போன குவெரி இன்னும் தீவிரமானது. கட்டளைகளுக்கான கால வரம்பின் இயல்பு மதிப்பு 1,72,800 விநாடி, அதாவது இரண்டு முழு நாட்கள். வரம்பைக் குறைக்காத கணக்கில் வெள்ளி மாலை ஓடவிட்ட ஒரு பிழைக் குவெரி ஞாயிறு மாலை வரை கட்டணத்தோடு ஓடும்.

வேகமும் மயக்கமும்

நேற்று வேகமாக ஓடியது இன்று ஓடவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் கேஷ் இருக்கிறது. இங்கே கேஷ் இரண்டு வகை. ஒன்று சேவை அடுக்கில்: அதே குவெரி எழுத்து மாறாமல் மறுபடி வந்து, அடித்தரவும் மாறாமல் இருந்தால், 24 மணி நேரம் வரை பழைய விடையே திரும்பத் தரப்படும். ஒரு குவெரியைச் சீர்செய்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பவர் 200 மில்லிவிநாடியில் விடை வந்ததும் சீரமைப்பு பலித்ததாக நம்பிவிடக் கூடும். சோதனை நேரத்தில் இந்த விடைக் கேஷை அந்த அமர்வுக்கு மட்டும் அணைத்துவிட்டு அளப்பதே நேர்மையான அளவீடு.

இன்னொன்று வேர்ஹவுஸ் சர்வர்களின் வட்டில். சேமிப்பிலிருந்து கொண்டுவந்த கோப்புகளின் பிரதி அங்கே தங்கும். எந்தக் கோப்பு எந்தச் சர்வரில் தங்க வேண்டும் என்பதைக் கன்சிஸ்டன்ட் ஹாஷிங் என்ற கணிதமுறை தீர்மானிக்கிறது, ஆகவே அதே கோப்பு மறுபடி தேவைப்படும்போது அதே சர்வரிடம் வேலை போகும். சர்வர்களின் எண்ணிக்கை மாறினாலும் உடனே எதையும் இடம் மாற்றுவதில்லை. தேவைப்படும்போது புதிய இடத்தில் பிரதி சேரும், பழையது தானே மங்கி மறையும். டெராடேட்டா காலத்து மறுபங்கீட்டுச் சிக்கல் இப்படித்தான் ஒழிந்தது. ஒரு சர்வர் தன் பங்கை முன்னதாக முடித்துவிட்டால் பின்தங்கிய சர்வரிடமிருந்து மீதிக் கோப்புகளை வாங்கிக்கொண்டு, அவற்றை நேரடியாகச் சேமிப்பிலிருந்தே படிக்கும் ஏற்பாடும் 2016 கட்டுரையில் விளக்கப்பட்டிருக்கிறது.

வேர்ஹவுஸ் உறங்கினால் இந்த வட்டுக் கேஷ் போய்விடக் கூடும். இங்கே ஓர் இழுபறி இருக்கிறது. எழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 விநாடிக்கும், பிறகு விநாடிக்கு விநாடியும் கட்டணம் ஓடுவதால், சும்மா இருக்கும் வேர்ஹவுஸைச் சீக்கிரம் உறங்க வைக்கவே தோன்றும். ஒரே தரவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் டாஷ்போர்டுகளுக்கு அது தீங்கு. ஒவ்வொரு முறையும் கேஷ் வெறுமையிலிருந்து தொடங்கும். இரவில் ஒருமுறை தரவு ஏற்றும் வேர்ஹவுஸுக்கோ கேஷால் பயனே இல்லை, வேலை முடிந்த ஒரு நிமிடத்தில் உறங்கலாம். எல்லா வேர்ஹவுஸுக்கும் ஒரே உறக்க நேரம் வைப்பது சோம்பேறித்தனமான நிர்வாகம்.

ஏற்றும்போது வருவன

தரவு ஏற்றுவதில் பெரும்பாலான சிக்கல் கோப்பின் அளவில்தான். சுருக்கிய நிலையில் 100 முதல் 250 மெகாபைட் வரை இருப்பது பரிந்துரை. ஜிஸிப்பில் சுருக்கிய 50 கிகாபைட் சி.எஸ்.வி. கோப்பு ஒன்றை அனுப்பினால் அதை ஒரே இழைதான் படிக்க முடியும். பெரிய வேர்ஹவுஸின் மற்ற சர்வர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். மறுமுனையில், லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளைக் கையாளுவதிலேயே நேரம் போய்விடும். ஒவ்வொரு பதிவாக உள்ளிடும் செயலிகளும் திருத்தும் செயலிகளும் இன்னும் பொருந்தாதவை. மாறாத துண்டுகளின் மீது கட்டிய அமைப்பில் ஒரு பதிவைத் திருத்த ஒரு துண்டையே திரும்ப எழுத வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே அட்டவணையைத் திருத்தும் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே பூட்டைப் பெறும். காத்திருப்பவை 20-ஐத் தாண்டினால் அடுத்து வருவது பிழையோடு திரும்பும். மாற்றங்களை ஓர் இடைநிலை அட்டவணையில் சேர்த்து வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக ஒன்றிணைப்பதே இதற்கு வழி.

ஏற்றும் கட்டளை ஏற்கெனவே ஏற்றிய கோப்புகளை நினைவில் வைத்து மறுபடி ஏற்றாமல் விட்டுவிடும். அந்த நினைவு 64 நாட்களுக்கே. பழைய கோப்புகளை அதற்குப் பிறகும் அதே இடத்தில் விட்டுவைத்தால் அவை விஷயத்தில் இந்தக் காப்பு உறுதியில்லை.

நேர மண்டலமும் ஒரு பொறி. புதிய கணக்கின் இயல்பு நேரம் லாஸ் ஏஞ்சலிஸ் நேரம். சென்னையில் ஜூன் 15 காலை 10 மணிக்கு 'இன்றைய தேதி' என்று கேட்டால், அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 9:30 என்பதால் ஜூன் 14 என்றே விடை வரும். பகல் 12:30 மணிக்கு மேல்தான் தேதி மாறும், குளிர்காலத்தில் 1:30 மணிக்கு. காலை அறிக்கையில் ஒரு நாள் விடுபடுவதாகவும் மாலையில் சரியாகிவிடுவதாகவும் வரும் புகார்களுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. கணக்கு தொடங்கிய அன்றே இந்த அமைப்பை மாற்றிவிட வேண்டும்.

கட்டணத்தைத் துருவுவது

கட்டணத்தின் அலகு கிரெடிட்; மிகச் சிறிய வேர்ஹவுஸுக்கு மணிக்கு 1 கிரெடிட். ஒவ்வொரு படிக்கும் இரட்டித்து, மிகப் பெரியதில் மணிக்கு 512 கிரெடிட். செலவு குவெரியின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, வேர்ஹவுஸ் விழித்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு சோதனைக் குவெரியை அனுப்பும் கண்காணிப்புக் கருவி, ஐந்து நிமிட உறக்க நேரம் கொண்ட பெரிய வேர்ஹவுஸை நாள் முழுவதும் விழிக்க வைத்துவிடும். குவெரிப் பட்டியலில் அது அற்பமாகவே தெரியும். ஆகவே கனமான குவெரிகளைத் தேடுவதோடு, வேர்ஹவுஸ் வாரியாக விழித்திருந்த நேரத்தையும் அந்த நேரத்தில் ஓடிய வேலையையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ரிசோர்ஸ் மானிட்டர் என்ற வரம்புக்காவலை அமைத்தால், குறித்த கிரெடிட்டைத் தொட்டதும் எச்சரிக்கை வரும், அல்லது வேர்ஹவுஸ் நிறுத்தப்படும்.

இவற்றுக்கெல்லாம் தேவையான தரவு அமைப்புக்குள்ளேயே அட்டவணைகளாக இருக்கிறது. ஓடிய ஒவ்வொரு குவெரியின் நேரப் பிரிவு, படித்த துண்டுகள், வழிந்த பைட்டுகள், வரிசையில் நின்ற நேரம் எல்லாம் 365 நாட்கள் காக்கப்படுகின்றன. இப்போது முடிந்த குவெரி அதில் வந்து சேர 45 நிமிடம் வரை ஆகலாம். அதைவிட உடனடியாகப் பார்க்க வேண்டுமானால் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பகுதியின் வழியே கடைசி 7 நாள் விவரங்களைப் பெறலாம். ஒரு குவெரி எப்போதிலிருந்து மெதுவானது என்பதைக் கண்டுபிடிக்க, அதன் இன்றைய எண்களை மூன்று மாதம் முந்தைய எண்களோடு ஒப்பிட்டால் போதும். படித்த துண்டுகள் கூடியிருந்தால் தரவு வளர்ந்திருக்கிறது அல்லது அடுக்கு கலைந்திருக்கிறது. துண்டுகள் அதேதான், வழிந்த பைட்டுகள் மட்டும் புதிது என்றால் இணைப்பின் ஒரு பக்கம் பெருத்திருக்கிறது. இரண்டும் மாறாமல் காத்திருப்பு மட்டும் கூடியிருந்தால், அதே வேர்ஹவுஸில் புதிதாக வேறு யாரோ வேலை செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.